ரெண்டாங்கட்டைக் காணோம்

கேம் செய்கிற தொழிலில் ஆடுகிறவர் கண்ணில் படுவதைவிட, படாமல் உள்ளே கிடப்பதுதான் அதிகம். ஊருக்கு ஊர் இதே தொழிலில் மாட்டிக்கொண்டு கண் பூத்துப்போன சக ஜீவன்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரைக்குடியில், ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில், ஒரு சினிமாவை வைத்து நாங்கள் செல்போன் கேம் செய்த கதையை மட்டும் கேளுங்கள்.

போனில் வந்த உத்தரவு

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் முதலில் முகப்பு, அடுத்து நடுவில் முற்றம் வைத்த வளவு, அதைத் தாண்டினால் பந்தி நடக்கிற ரெண்டாங்கட்டு. படமே அப்படி ஒரு வீட்டில் நடக்கும் கதை. அதனால் கேமிலும் வீட்டைப் பகுதி பகுதியாகக் கடக்க வேண்டும். ரெண்டாங்கட்டை வரைந்தவள் மீனாள், கீழச்சிவல்பட்டிக்காரி. ஒரு கல்யாணப் பந்தியை அப்படியே இறக்கியிருந்தாள். கதாநாயகன் பரிமாறுகிறவன் வேஷத்தில் வாளியோடு புகுந்து, வில்லனின் ஆட்களை இலை இலையாகத் தேட வேண்டும். ஒவ்வோர் இலையிலும் கறுப்பரிசியில் கிண்டிய கவுனரிசி இனிப்பு பளபளவென்று இருக்கும். பார்த்த அன்றைக்கே எனக்குப் பசித்தது.

வெளியீடு நெருங்குகிற நேரத்தில் சென்னையிலிருந்து படக் கம்பெனிக்காரர் போன் செய்தார். பேசி முடித்த எங்கள் முதலாளி முத்தண்ணன், ரெண்டாங்கட்டு வேண்டாமாம், எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்றார். ஏன் என்று கேட்க அவருக்குப் பயம். படக் கம்பெனி சொன்னால் கூரையைக்கூடப் பிரித்துவிடுவார். மீனாள் மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "அப்பறம் இந்த வீட்டுல பந்தி எங்குட்டுண்ணே போடுவாக?"

எடுக்கப் போனேன், இடிந்தது

அழிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அழித்தேன். வளவில் நின்ற கதாநாயகன் தரை இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருந்தான். விளக்கு, சுவர், சத்தம் எல்லாம் ரெண்டாங்கட்டோடு பின்னிக் கிடந்தன. பிரித்தெடுக்க நேரமில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்து, கதவைப் பூட்டி, கதவே தெரியாதபடி மீனாள் வரைந்த ஒரு மர பீரோவைக் குறுக்கே நிறுத்தினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள். முத்தண்ணனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியலைல்ல, அது போதும்ப்பா."

மிச்சம்

மீனாளுக்கு அது போதவில்லை. கேம் வெளியானபின் ஓவியர்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், யார் வேலை ஜனங்களுக்குப் பிடிக்கிறதோ அவரை என்று முத்தண்ணன் சொல்லியிருந்தார். அவள் வேலையோ பூட்டிய கதவுக்குப் பின்னால். தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலைக்கு விசாரிக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

கேம் வெளியான அன்று, வரைந்ததைக் காட்டச் சொல்லி அவள் அம்மா கேட்டிருக்கிறார். வெளியே தெரிகிற மாதிரி அவள் வரைந்தது அந்த பீரோ ஒன்றுதான். காட்டியிருக்கிறாள். அம்மா செல்போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இத்தன மாசமா வரைஞ்சது இந்த ஒத்தப் பீரோவா?"

சாக்கோட்டை வில்வண்டி

நாம் என்ன பூட்டுப் போட்டாலும் ஆடுகிறவர்கள் முட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். சாக்கோட்டையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், வாசலில் நிற்க வேண்டிய வில்வண்டியை வளவுக்குள் ஓட்டிவந்து, பீரோவில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வண்டி அங்கேயே நின்றது. கதாநாயகன் மட்டும் பீரோவையும் கதவையும் துளைத்துக்கொண்டு பந்தி நடுவில் போய் விழுந்தான்.

அதை வீடியோவாக்கிப் போட்டார். பரவியது பாருங்கள். பார்த்தவர்களெல்லாம் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் பீரோவை இடித்தார்கள். படத்தைப் பற்றிப் பேசியதைவிட மீனாளின் இலைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வீடியோவில் அந்தப் பெண் சொன்னது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம்: "பீரோவுக்குப் பின்னாடி ஒரு கல்யாணமே நடக்குது, நம்மளத்தான் யாரும் கூப்பிடல."

காது செய்த வேலை

மறுபடி சென்னைக்காரர் போன் செய்தார். இவ்வளவு நல்ல இடத்தை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். நீங்கள்தானே ரெண்டாங்கட்டை எடுக்கச் சொன்னீர்கள் என்றார் முத்தண்ணன். சென்னைக்காரர் தான் சொன்னது வேறு என்று விளக்கினார். அவர் சொன்னது 'ரெண்டாம் கட்'. கேமின் தொடக்கத்தில் ஓடுவதற்காக ஒரு சண்டைக் காட்சியை இரண்டு விதமாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். அதில் இரண்டாவது வேண்டாம் என்றிருக்கிறார். பெரிய வீட்டில் பிறந்த முத்தண்ணன் காதுக்குக் கட் என்றாலே கட்டுதான். எடுக்க வேண்டிய சண்டை கேமில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த அப்டேட்டில் பீரோவை நகர்த்தினோம். நான்தான் நகர்த்தினேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. ரெண்டாங்கட்டு நிலைக்கு மேலே மீனாளின் பெயரைப் பொறித்தோம். முத்தண்ணன் எல்லோர் முன்னாலும் தப்பு தன் காதுமேல்தான் என்று ஒப்புக்கொண்டு, அவளை இங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டார். அவள் யோசிக்கிற மாதிரி கொஞ்சம் பாவனை காட்டிவிட்டுச் சொன்னாள்: "இருக்கேண்ணே. இனிமே சென்னையில இருந்து போன் வந்தா எங்கிட்டக் குடுங்க."

அழிக்கச் சொன்னதை அழிக்காமல் விட்டால் எங்கள் தொழிலில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர், அதுவே ஜெயித்துவிட்டால் முன்யோசனை என்கிறார்கள், நானும் மறுக்கவில்லை.