இரண்டாவது சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டு

திருத்தங்கல் பக்கம் வேன் ஓட்டுகிறவர்களில் சீனிவாசகத்தைத் தெரியாதவர் இல்லை. ஆட்டோ எலக்ட்ரீசியன். வண்டிச் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் ஐந்து வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி வேன் எதிலும் அவர் கை வைத்ததில்லை. "வேற ஆளப் பாருப்பா" என்பார். காரணம் சொன்னதில்லை.

2008 மே மாதம் சிவகாசியிலிருந்து கனகசபாபதி அண்ணாச்சி ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். காலண்டர் அச்சடிக்கிறவர். குடும்பத்தோடு ஊர் சுற்றவென்று பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, டிவி, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டிருந்தார். அதற்கெல்லாம் தனியாக இன்னொரு பேட்டரி.

"ரெண்டாவது பேட்டரியில சார்ஜ் ஏறவே மாட்டேங்குது சீனிவாசகம். கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டிட்டுப் போயும், அங்கன ஒரு மணி நேரம் ஃபேன் ஓடல. புது பேட்டரி மாத்தியும் அதே கததான்."

"விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, பாக்கேன்."

இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். முன் பேட்டரியில் பதினாலு வோல்ட். பின் பேட்டரியில் பன்னிரண்டுகூட இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலேயும் சரி. பின் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குத் தனியாக ஒரு ஒயரைப் பிடித்துப் பார்த்தார். முள் சட்டென்று ஏறியது. அப்படியானால் எர்த்தில்தான் கோளாறு.

எர்த் ஒயர் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டுக்கு அடியில் போனது. படுக்கை போட்டவர்கள் முன்னாலிருந்த இரண்டு சீட்டை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். ரப்பர் மேட்டைத் தூக்கினார். தகரத்தின் இடுக்குகளில், பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி சாம்பலாக மினுங்கியது. அதன் நடுவே துருப்பிடித்த ஒரு போல்ட்டு. அதில் ஏற்கெனவே ஒரு பழைய ஒயர் மாட்டியிருந்தது. டேப்புக்கு மேல் சணல் நூலைச் சுற்றி இரட்டை முடிச்சு. அந்த முடிச்சு அவருடையது.

சீனிவாசகம் அந்த சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

2003, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், காலை ஆறரை மணி. நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் தெருமுனையில் செல்ஃப் எடுக்காமல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு நின்றது. எர்த் ஒயர் இற்றுப்போயிருந்தது. அவசரத்துக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டு, வேனின் தரைத் தகரத்தில் துளை போட்டு முடுக்கினார். வண்டி உறுமிக் கிளம்பியது. பதினொன்றரை மணிக்குக் கம்பெனிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அந்த வேனில் போனவர்களில் ஆறு பேர் திரும்பவில்லை. அதில் ஒருத்தி செல்லக்கனி, அவர் மனைவி பாண்டிச்செல்வியின் தங்கை.

வண்டி கிளம்பாமலே இருந்திருந்தால்? ஐந்து வருஷமாக இதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. வீட்டில் செல்லக்கனி பேரையே இருவரும் எடுப்பதில்லை. பாண்டிச்செல்வி அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது தன்மேல் உள்ள கோபம் என்றே நினைத்திருந்தார். அதற்காக அவளைக் குறை சொல்லவும் அவருக்கு வாயில்லை.

மத்தியானச் சோற்றோடு வந்த பாண்டிச்செல்வி, வேனுக்குள் ஸ்பேனரைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறவரைப் பார்த்தாள்.

"என்னங்க? சாப்பிட வரலையா?"

அவர் கீழே காட்டினார். "இது அந்த வண்டி. வேற பெயிண்ட் அடிச்சிருக்காக."

தூக்குவாளியை வைத்துவிட்டு அவள் ஏறி வந்தாள். முடிச்சைப் பார்த்தாள். முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் அன்னைக்கு ஒயரப் போட்டுக் கெளப்பிவிட்டேன்" என்றார் அவர். "நா மட்டும் வரலைன்னா..."

"சும்மா இருங்க." என்றாள் அவள். "அன்னைக்கு வண்டி நின்னதும் அவதான் உங்களக் கூப்பிட வாசல்ல வந்து நின்னா. 'மச்சான் தூங்குதாகளாக்கா? அப்ப விடு, இன்னைக்கு லீவு போட்டுக்கிடுதேன்'னு திரும்பிட்டா. நாந்தான், 'சீசன்ல யாராச்சும் லீவு போடுவாகளாடி, இரு'ன்னு சொல்லி உங்கள எழுப்பிவிட்டேன். உங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்வேன் நான்?"

வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் அந்த சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவர் பழைய போல்ட்டைக் கழற்றினார். சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் புது கேபிளை முடுக்கினார். அவள் டார்ச் பிடித்தாள். பின் பேட்டரியில் முள் பதினாலைத் தொட்டது.

சாயங்காலம் அண்ணாச்சி வேனை எடுத்துப்போனார். எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் பாண்டிச்செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"வண்டி கெளம்பினப்ப அவ என்னமும் சொன்னாளா?"

அவர் குழாயை மூடினார்.

"ஜன்னல் வழியாத் தலைய நீட்டி, 'அக்காட்ட சொல்லுங்க மச்சான், மத்தியானத்துக்கு எடுத்து வச்ச கொளம்ப மறந்துட்டேன்'னா. சிரிச்சுக்கிட்டே போனா."

"அதான் கொளம்புச் சட்டி அடுப்படியிலயே இருந்துச்சா" என்றாள் பாண்டிச்செல்வி. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக, தங்கையின் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.