இரண்டாம் பாதியில் ஆபிரகாம்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். மறதியும் ஜாஸ்தி. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், நீங்கள்தான் சரிசெய்து படித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் அங்கன்வாடியில் என் பேத்தியின் குழந்தைக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், ஒரு கரண்டி. குழந்தை பாதியை என் புடவையில் துப்பிவிட்டது. முகர்ந்து பார்த்தால் அத்தனை இனிப்புக்கும் அடியில் மீன் எண்ணெய் வாடை. “கண்ணுக்கு நல்லது ஆயா” என்றாள் மருந்து கொடுத்த பெண். 

மீன் எண்ணெய் என்றால் எனக்கு ஆம்பூர் தோல் ஷாப்புதான். பதப்படுத்திய தோலுக்கு அந்த எண்ணெயைத்தான் தடவுவார்கள். பதினைந்து வயதில் நான் அங்கே, தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகையில் வேலைக்குப் போனேன். பட்டைத் தூள் மூக்கில் ஏறி நாள் முழுக்கத் தும்மல். அதனால் என்னைத் தும்மல் பொண்ணு என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்காத கூச்சக்காரி நான். கூச்சக்காரிக்கு ஒரு வசதி உண்டு. அவள் இருப்பதை மறந்துவிட்டு எல்லோரும் பேசுவார்கள்.

கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில்தான் காதர் பாய் உட்கார்ந்து தோலைத் தரம் பிரிப்பார். ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தடவி, முதல் நம்பர், ரெண்டாம் நம்பர், கழிவு என்று வீசுவார். அவர் வீசியது வீசியதுதான். முதலாளி சாயபுவே திருப்பிக் கேட்க மாட்டார். பக்கத்தில் முனிரத்தினம் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து வேலூர் காலேஜுக்குக் கூடைப்பந்து பார்க்கப் போய்விடுவார்கள். ஏனென்றால் அங்கே என் அண்ணன் ஆடினான்.

ஆபிரகாம் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எங்கள் லைன் வீடுகளிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். அவன் உயரத்தைப் பார்த்து ஆட்ட வாத்தியார் சேர்த்துக்கொண்டார். ஆட்டத்தில் இருக்கிற வரைக்கும் படிப்பும் ஹாஸ்டல் சாப்பாடும் உண்டு. ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் ஊருக்குத் திரும்பி, தோலின் மயிர் போக்குகிற சுண்ணாம்புத் தொட்டியில் இறங்க வேண்டியதுதான். எங்கள் அப்பா அந்தத் தொட்டியில் காலைப் புண்ணாக்கிக்கொண்டு செத்தவர்.

ஆடி மாதத்தில் முதல் ஆட்டம். சனிக்கிழமை காலையில் காதர் பாய் தோலைத் தொடவே இல்லை. ஏழு தடவை கூடைக்குள் போட்டான் என்று ஆறு பேரிடம் சொன்னார். மூன்று ஆட்டம் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

“முதல் நம்பர் தோலுப்பா. ஒரு கீறல் இல்ல.”

முனிரத்தினம் விடவில்லை. “இன்னா பாய், புதுப்பையன். இப்பதான் மொத வருசம் சேர்ந்துக்கிறான். அதுக்குள்ள முத்திரை குத்திட்டியே.”

“என் கையி பொய் சொல்லாது.”

நான் தலையைக் குனிந்துகொண்டு பட்டையை இடித்தேன். அன்றைக்கு இடித்த இடியில் உரல் உடையாமல் இருந்ததே பெரிது.

ஐப்பசி வந்ததும் பேச்சு மாறியது. முதல் பாதியில் பையன் புலி மாதிரி ஆடுகிறான், இரண்டாம் பாதியில் கையில் வருகிற பந்தைக்கூட விடுகிறான் என்றார்கள். தம் கம்மி என்றார் முனிரத்தினம். காதர் பாய் ஒரு தோலை விரித்துக் காட்டி, தோலில் முதுகுப் பக்கம் கெட்டியாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் இருக்கிற மாதிரிதான் இவனும் என்றார்.

எனக்குத் தெரியும். அவனுக்கு மாலைக்கண். சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். அம்மா ஆட்டு ஈரல் வாங்கிச் சுட்டுக் கொடுத்துச் சரியாக்கினாள். ஹாஸ்டலில் சோறும் தண்ணிக் குழம்பும்தான். பழையபடி வந்துவிட்டது. ஆடியில் ஆட்டம் முடிகிற வரைக்கும் வெயில் இருக்கும். ஐப்பசியில் பாதி ஆட்டத்துக்கே பொழுது போய்விடும். லீவுக்கு வந்தபோது வாசலில் இருந்த குடத்தை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தவன், என் கையைப் பிடித்துச் சொன்னான்.

“யார்கிட்டயும் சொல்லாத. கண்ணு தெரியாதவன்னு தெரிஞ்சா மறுநாளே மூட்டையக் கட்டச் சொல்லிடுவாங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரல் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். ஒரு தடவை தின்றால் போகிற வியாதியா அது? பக்கத்திலேயே முனிரத்தினம் தடவிக்கொண்டிருந்த மீன் எண்ணெயும் கண்ணுக்கு நல்லது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

காதர் பாய்க்கு அந்த வாத்தியாரிடம் செல்வாக்கு உண்டு. காலேஜின் பந்து பிய்ந்தால் அதற்குத் தோல் பார்த்துக் கொடுப்பவர் இவர்தான். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை முனிரத்தினத்திடம் தன் யோசனையைச் சொன்னார். பையன் முதல் பாதியிலேயே களைத்துப்போகிறான். அதனால் முதல் பாதி உட்கார வைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் புதுத் தெம்போடு இறக்கச் சொல்லப்போகிறேன் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய ஆட்டம். அதில் சோபிக்காவிட்டால் அவனை எடுத்துவிடுவதாக வாத்தியார் சொல்லியிருந்தாராம்.

உலக்கை என் கையில் நின்றுவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். நானாக அவரிடம் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

“இன்னாம்மா?”

“மொத பாதிலயே ஆட விடச் சொல்லுங்க பாய்.”

“ஏன்?”

ஏன் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொன்னாலும் அவன் படிப்பு போகும், சொல்லாவிட்டாலும் போகும். நான் சொம்பை நீட்டினேன்.

பாய் சிரித்துவிட்டார். “நீ பட்டைய இடி கண்ணு. உங்கண்ணனுக்கு நல்லதுதான பண்றோம்.”

அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

சனிக்கிழமை அவர்கள் பேசிக்கொண்டதை வைத்துத்தான் சொல்கிறேன். வெளிச்சம் இருந்தவரை அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னை இப்போதே இறக்குங்கள் சார் என்று இரண்டு தடவை கேட்டானாம். இருட்டுகிற நேரத்தில் இறக்கினார்கள். பந்து இந்தப் பக்கம் வந்தால் அவன் கை அந்தப் பக்கம் போயிற்று. ஒரு பந்து நெஞ்சில் அடித்தது. சொந்தக் கட்சிக்காரன் மேலேயே மோதி விழுந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நம்மாளுங்களும் சிரிச்சாங்கய்யா என்றார் முனிரத்தினம்.

காதர் பாய் ஒரு தோலை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “நான் தரம் தப்பினது இந்த ஒரு தோல்லதான்” என்றார். அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். நான் தும்மிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஆபிரகாம் திரும்பிப் போகவில்லை. தொட்டியில் இறங்க வேண்டாமென்று காதர் பாய்தான் தோல் அடுக்குகிற வேலைக்குத் தன்னோடு வைத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடும்படி அண்ணன் கேட்டுக்கொண்டான். சோம்பேறி என்று நினைத்திருப்பார். ஆனால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் அண்ணனும் சாகிறவரைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்த ஷாப்பு இப்போது இல்லை. அந்த இடத்தில் ஷூ கம்பெனி இருக்கிறது. ஆவாரம்பட்டை இடிக்கிற வேலையும் போய்விட்டது. ஆடி மாதத்து வெயிலில் அவன் போட்ட ஏழு பந்துகளைப் பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. நான் ஒன்றைக்கூடப் பார்த்தவளில்லை, காதால் கேட்டவள்தான்.

வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் யாராவது அந்தக் காலேஜில் பழைய ஆட்டக் கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏழு தடவைதானா, எட்டா, எனக்கு நிச்சயமில்லை. நான் சொன்ன மாதங்களும் தவறாக இருக்கலாம். அவன் பெயர் இருந்தால், கார்த்திகை ஆட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலாலாவது எழுதிவையுங்கள், அவனுக்கு அப்போது கண் தெரியவில்லை என்று.