சிவப்புப் புள்ளி வைத்த நண்டுகள்

அந்த அக்காவிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல என்று அந்த நாட்களில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

வந்தாறுமூலை வளாகத்தில் விலங்கியல் படித்து முடித்து, அங்கேயே உதவி விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். சமாதானப் பேச்சுவார்த்தைக் காலம். வீதிகள் திறந்திருந்தன, பஸ்ஸில் பயமில்லாமல் போய்வர முடிந்தது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைந்து, கடைசியில் ஆரையம்பதி வாவிக்கரையில் ஒரு தோணியும் சில வலைகளும் வைத்திருந்த கணவன் மனைவியிடம் போய் ஒட்டிக்கொண்டேன். விடியக் காலையில் அண்ணன் வலை இழுத்து வருவார். அக்கா கரையில் குந்தியிருந்து வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். பக்கத்தில் நான், கொப்பியும் அளவுகோலுமாக. முதல் வாரம் முழுக்க நண்டிடம் கடி வாங்கினேன். அக்கா சிரித்துச் சிரித்தே களைத்துப்போனார்.

நான் தேடிப் போனது நண்டை அல்ல, நண்டுக்குள் குடியிருக்கும் ஓர் ஒட்டுண்ணியை. கண்ணுக்குத் தெரியாத சிறு புழுவாக நீலக்கால் நண்டின் உடம்புக்குள் நுழையும். உள்ளே வேர் விட்டுப் பரவும். பிறகு நண்டின் வயிற்று மடிப்புக்குக் கீழே ஒரு பையாக வெளியே வரும். அந்தப் பைக்குள் இருப்பது ஒட்டுண்ணியின் குஞ்சுகள். நண்டுக்கு அதற்கப்புறம் சொந்தமாக முட்டை கிடையாது, ஓடு கழற்றி வளர்வதும் கிடையாது. ஆனால் தாய் நண்டு தன் முட்டைகளைக் காப்பதுபோலவே அந்தப் பையைக் காக்கும், காலால் துடைத்துச் சுத்தம் செய்யும். ஆண் நண்டுகூட வயிறு அகன்று, பெண்ணாக மாறி அதே வேலையைச் செய்யும். இப்படி இடம் கொடுக்கும் உயிருக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் விருந்து வழங்கி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் ஒரு நாளும் விருந்தாளியால் கஷ்டப்பட்டிருக்கமாட்டார்.

அப்படியொரு நண்டு முதல் தடவையாக வலையில் வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்னப்பிள்ளைபோலத் துள்ளினேன். அளந்து எழுதி, கைப்பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதன் ஓட்டில் ஒரு புள்ளி வைத்தேன். ஓடு கழற்றாத நண்டு ஆகையால் புள்ளி அழியாது. திரும்பப் பிடிபட்டால் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்று தெரிந்துவிடும். பிறகு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, மெதுவாக விட்டேன்.

“என்னகா தங்கச்சி, நண்டுக்குக் கலியாணமா?” என்றார் அக்கா.

அந்தத் தோணித்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. முட்டை சுமக்கும் நண்டை யாரும் கூடையில் போடமாட்டார்கள். “புள்ளத்தாச்சி, போகட்டும்” என்று தண்ணீரில் விட்டுவிடுவார்கள். நான் போகத் தொடங்கிச் சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். முட்டை நண்டை மட்டுமல்ல, பை சுமக்கும் நண்டையும் அக்கா அதேபோலத் தண்ணீரில் விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒட்டுண்ணியின் பையை முட்டை என்று நண்டு ஏமாறுவது தெரியும். மனிதரும் ஏமாறுகிறார்களா? நல்ல நண்டெல்லாம் கூடைக்குப் போக, முட்டை நண்டோடு நோய்ப்பட்ட நண்டும் வாவிக்குத் திரும்பினால், முட்டைபோலத் தோற்றம் காட்டும் ஒட்டுண்ணிதானே தலைமுறை தலைமுறையாகப் பெருகும்? நண்டின் தாய்மையை மட்டுமல்லாமல் மனிதரின் இரக்கத்தையும் அது தன் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறதா? இந்தக் கேள்வியை எழுதிக்கொண்டு போனபோது என் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஆனால் ஆய்வு நிலைக்கவேண்டுமென்றால் அக்காவுக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த நண்டுகளை விடமாட்டார், என் கேள்வியும் அதோடு போய்விடும். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். காலையில் அவர் ஊற்றித் தரும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவர் கையாலேயே வாவியைக் கெடுக்கவிட்டு, அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைத்துவிட்டுப் “பாதிதான் பசிக்கி” என்று சொல்லும் நாட்களில் நெஞ்சு உறுத்தும். வருஷம் முடிய எண்ணிக்கையும் முடிந்துவிடும், தை பிறந்ததும் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று முடிவெடுத்தேன்.

மார்கழி விடுமுறைக்கு வெல்லாவெளியிலுள்ள என் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று சொன்னேன்.

“தையில வாறன் அக்கா. உங்களுக்கு ஒரு கதை சொல்லோணும்.”

“இப்பவே சொல்லுங்களன்.”

“இல்ல, தையிலதான்.”

“கலியாணக் கதையாக்கும்” என்று கண்ணைச் சிமிட்டினார். நான் மறுக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

பௌர்ணமிப் போயா நாளும் ஞாயிறும் ஒன்றாக வந்த, கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்த அந்தக் காலை நான் எங்கள் வயல் வட்டையில், அப்பாவோடு வரம்பில் நின்றேன். எங்கள் வயலுக்குக் கடல் வரவில்லை. செய்திதான் வந்தது. அண்ணன் வாவியில் தோணியில் இருந்ததால் தப்பினார். அக்கா கடற்கரைப் பக்கம் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள்தான் உடலைக் கண்டெடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

போயிருக்கலாம். அதற்குப் பிறகும் போயிருக்கலாம். மறுபடி சண்டை மூண்டது, சோதனைச்சாவடிகள் கூடின, வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் மூட்டைமுடிச்சோடு இந்தக் கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களில் படுத்தது, வளாகம் மூடித் திறந்தது. யார் கேட்டாலும் சொல்ல எனக்குக் காரணங்கள் கைவசம் இருந்தன. ஆனால் வந்தாறுமூலையிலிருந்து ஆரையம்பதிக்கு இரண்டு பஸ். எத்தனையோ நல்ல நாட்களில் அந்த இரண்டு பஸ்ஸும் ஓடின. தை பிறக்கும்போதெல்லாம் அக்காவின் ஞாபகம் வரும். அவரைப் பார்க்கவேண்டும்போல இருக்கும். ஒரேயொரு விஷயம் சொல்லவேண்டும், அவர் திட்டவேண்டும், பிறகு தேத்தண்ணி ஊற்றித் தரவேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. கொப்பிகள் மேசை லாச்சிக்குள் கிடந்தன.

யுத்தம் முடிந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, நானே எதிர்பாராமல், அந்த இரண்டு பஸ்ஸிலும் ஏறிவிட்டேன்.

துறை அப்படியேதான் இருந்தது. தோணி மட்டும் வேறு, யாரோ நிவாரணமாகக் கொடுத்த வெள்ளைத் தோணி. அண்ணன் இப்போது தானே குந்தியிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவர், “வாங்க தங்கச்சி” என்றார், நேற்றுப் போய் இன்று வந்தவளைக் கூப்பிடுவதுபோல. நான் பழைய இடத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு நண்டைக் கழற்றித் தனியே வைத்தார். வயிற்றில் பை. ஓட்டில் சிவப்புப் புள்ளி.

எந்த நண்டும் இவ்வளவு காலம் உயிரோடு இருக்காது. அதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஆனாலும் ஒரு கணம், கடல் வருவதற்கு முந்திய ஏதோவொரு காலையிலிருந்து அது நடந்து வந்திருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

“இது என்ர புள்ளியா அண்ணன்?”

“இல்ல, நான் வெச்சது. தோணிக்கு அடிக்கிற பெயின்ற். ஈர்க்கால தொட்டு வெக்கிறன்.”

“ஏன்?”

“அவதான் சொன்னவ. தங்கச்சி தையில வருவா, அதுவரைக்கும் பைநண்டு ஒண்டையும் தவறவிடாதீங்க, புள்ளி வெச்சுத் தண்ணியில விடுங்க எண்டு. நீங்க வரல்ல. நான் நிப்பாட்டவும் இல்ல.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ஐந்து வருஷம் வைத்திருந்ததைக் கொட்டினேன். இது முட்டை இல்லை, நோய். அக்கா தெரியாமல் விட்டார், எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணன் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“அவக்குத் தெரியாதெண்டு ஆர் சொன்ன? நீலம் ஓடின கால் ஆணுக்குத்தானே, அதிலயும் இந்தப் பை இரிக்கி. ஆண் நண்டு முட்டை போடுமா? நாங்க புறந்ததில இரிந்து நண்டு கழட்டுற ஆக்கள்.”

“அப்ப ஏன் விட்டவ?”

“முந்தி விடுறதில்ல. கரையில எறிஞ்சிருவம், காகம் தின்னும். நீங்க வந்த புதுசில அத ரெண்டு கையால தூக்கிப்போய் விட்டீங்களே, அவ பாத்துக்கு இரிந்தவ. தங்கச்சிட படிப்புக்கு இது உசிரோட வேணும்போல எண்டு அண்டையில இரிந்து விடத் தொடங்கினவ.”

ஒரு வருஷம் எண்ணி எழுதிய வழக்கம் அந்தத் துறையின் வழக்கமே இல்லை. எனக்காக ஒரு பெண் காட்டிய அன்பை, ஒட்டுண்ணி மனிதரை ஏமாற்றுவதாகக் கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருக்கிறேன். “இது என்ன நண்டு” என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்டால் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று கேட்கவேயில்லை.

“இதுக்கு ஒரு பேரும் இரிக்கி” என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. “மலட்டு நண்டு. எங்களுக்குப் புள்ள இல்லத்தானே. அவக்கு முன்னால ஒருத்தரும் அந்தச் சொல்ல எடுக்கிறதில்ல.”

வாவியில் ஒரு தோணி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் நண்டைக் கையில் எடுத்தார். அது காலால் பையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“இத விடுறது மத்த நண்டுகளுக்குக் கூடாதா தங்கச்சி?”

அவரிடம் அக்காவின் பேச்சில் மிஞ்சியிருந்தது நண்டுக்குப் புள்ளி வைத்து விடும் இந்த ஒன்றுதான். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன், அது எனக்குப் பழகிய வேலை.

“கூடாது அண்ணன். ஒண்டு நூறைக் கெடுக்கும்.”

அவர் தலையாட்டினார். பெயின்ற் தகரத்தின் மூடியை இறுக்கி மூடினார்.

“சரி. நாளையில இரிந்து விடமாட்டன்.”

சொல்லிவிட்டு எழுந்து, முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, அந்த நண்டை இரண்டு கையாலும் மெதுவாக விட்டார்.

மறுநாள் அவர் என்ன செய்தார் என்று பார்க்க நான் போகவில்லை.