வயர் பூட்டிய கப்பல்

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு கப்பலோடு சேர்த்து என்னையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கப்பல் என்றால்... ஒரு மீற்றர் நீளம். மரத்தில் செய்தது. செய்தவள் வசந்தி — வெள்ளவத்தையில் என் பக்கத்து ஃபிளாட்காரி, மீன்பிடி வள்ளங்களை வடிவமைக்கும் இன்ஜினியர். வள்ளம் கட்டுவதற்கு முன் அதன் மாதிரியைத் தண்ணீரில் இழுத்து, தண்ணீர் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்க வேண்டுமாம். அளக்கும் கருவிக்காகக் கப்பலின் உடம்பெல்லாம் வயர்!

எல்லா வேகத்திலும் இழுத்துப் பார்த்தால் ஒரு கிழமை போய்விடும். கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்று நீச்சல் தடாகத்தைத் தந்ததோ ஒரேயொரு பின்னேரத்துக்கு. ஆகவே பழைய வள்ளங்களின் அளவுகளை வசந்தி கம்ப்யூட்டருக்குப் படிப்பித்திருந்தாள். மிச்சத்தை அது கணிக்கும். தனக்கு நிச்சயமில்லாத வேகங்களை மட்டும் இழுத்துப் பார்க்கச் சொல்லும்.

திரீவீலரில் புறப்பட்டோம். துணைக்கு நான்.

யுத்த காலமல்லவா, வழியில் செக்பொயின்ட்டில் ஆமிக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு தமிழ்ப் பெண்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. மடியில் வயர் பூட்டிய கப்பல். கணிப்பு முடிந்தது: குண்டு! அவருக்கும் பழைய அளவுகள்தான் பாடம் — நிச்சயமில்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது.

பொலிஸ் நிலையத்தில் எனக்கு ஒரே நினைப்பு. எங்கள் ஒழுங்கையில் பிடிபட்ட ஒருவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

"இந்தக் கப்பல் எங்கே போகுது?" இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"நீச்சல் தடாகத்துக்கு, சேர். நம்பாட்டி நீங்களும் வாங்கோ!" வசந்தியும் சிங்களத்திலேயே சொன்னாள்.

"விசரி, வாயை மூடு!" என்றேன் தமிழில்.

"அக்கா, தடாகம் அஞ்சு மணி மட்டும்தான்!"

இன்ஸ்பெக்டர் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; குண்டு எதுவும் இல்லை. பிறகு ஜீப்பில் இரண்டு கான்ஸ்டபிள்களோடு எங்களைத் தடாகத்துக்கு அனுப்பினார்.

இழுக்கும் கயிற்றைச் சுற்றுகிற உருளையை நான்தான் சுழற்ற வேண்டும். கை நடுங்கியது. கப்பலும் நடுங்கியது.

"அக்கா, வேகம் ஒரே சீரா இருக்கோணும்!"

என்ன செய்வது? பயத்துக்கு ஏது சீர்?

வசந்தி கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டாள். தோளில் கிடந்த துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து சுழற்றினார் மனிதர் — மோட்டார் தோற்றுப்போகும்! கம்ப்யூட்டர் சொன்னதும் கருவி காட்டியதும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு கான்ஸ்டபிள்களும் கை தட்டினார்கள்.

பொழுதுபடும்போது எங்களை ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார்கள். ஃபிளாட்டுச் சனம் முழுவதும் பல்கனிகளில் நின்றது. கீழ்வீட்டு அன்ரி ஓடிவந்தார்.

"அடிச்சவங்களோ, பிள்ளை?"

"இல்லை அன்ரி. கப்பல் இழுத்துத் தந்தவங்கள்" என்றாள் வசந்தி.

அன்ரி வசந்தியின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார்.