ஒன்றரை மடங்கு அம்மா

தமிழ்ச் சுருக்கெழுத்தில் சீனியர் பரீட்சைக்கு நான் தயாரானது எங்கள் அம்மாவின் குரலைக் கேட்டுத்தான். சிரிக்க வேண்டாம். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். அவள் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

உத்திரமேரூர் பஜார் தெருவில் இருந்த டைப் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர் சாயந்திரம் ஒரே ஒரு டிக்டேஷன்தான் கொடுப்பார். ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வாட்சைப் பார்த்தபடி ஏதாவது சட்டசபைப் பேச்சைப் படிப்பார். எனக்கு அது எந்த மூலைக்கு? தேறினால் கோர்ட்டில் ஸ்டெனோ வேலைக்கு எழுதிப் போடலாம். தேறாவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் பேச்சாகிவிட்டது. இன்னொரு முறை எழுத எனக்குத் தவணை கிடையாது.

பகலில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ். பாட்டுக் கேட்கிற பிளேயரின் ஒரு மூலையில் வேகத்தைக் கூட்டும் வசதி ஒளிந்திருந்தது. அதை இழுத்தால் ஆள் வேகமாகப் பேசுவார், குரல் மட்டும் மாறாது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டு டேப்ரிக்கார்டரில் அம்மாவைப் பேப்பர் படிக்கவைத்துப் பதிந்தேன். மறுநாள் ஒயர் போட்டு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு மடங்காக்கினேன். தடுக்கித் தடுக்கிப் படித்த அம்மா கடகடவென்று போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதுவேன்.

ஒருநாள் உரம் வாங்க பஜாருக்கு வந்த அம்மாவைக் கடையில் உட்காரவைத்துக் கேட்கவிட்டேன்.

"இன்னாடி இது, நானா இப்பிடிப் படிக்கிறேன்?"

"நீதான். மெஷினு கொஞ்சம் தள்ளிவுடுது."

அம்மா ஹெட்போனைக் கழற்றவே இல்லை. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அன்று பிடித்தது வினை. வீட்டில் டேப்பை அழுத்தினால் போதும், அம்மா மெஷினோடு போட்டி போட ஆரம்பித்தாள். "மெதுவா படிம்மா, வேகத்த மெஷினு பாத்துக்கும்" என்று கத்துவேன். கேட்டால்தானே. மளிகைப் பொட்டலம் மடித்து வந்த பேப்பரைக்கூட அடுப்படியில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கடையில் இரண்டு மடங்கு வைத்தால் என் பென்சில் திணறியது. ஒன்றரைக்கு இறக்கினேன். அப்புறம் அதுவும் தாங்காமல் இன்னும் கீழே. பிளேயர்தான் கிறுக்குப் பிடித்து ஓடுகிறது என்று அதைத் திட்டினேன்.

பரீட்சை நெருங்கிய சமயத்தில் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. முதலாளி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டார்.

"இனிமே வைரஸ் பேஜாரே கெடையாதும்மா. எப்பிடி ஓடுது பாரு" என்றார்.

ஓடியது, வாஸ்தவம்தான். அதில் அப்போது இருந்த பிளேயரிலும் வேகம் கூட்டலாம். கூட்டினால் குரலும் கூடவே ஏறிக் கீச்சுக் கீச்சென்றது. ஒரு மூஞ்சூறு சட்டசபையில் பேசியது மாதிரி இருந்தது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் கடைக்கு அச்சடித்துத் தரும் பிரஸ்ஸில் மேக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். வேலையாகப் போனபோது அதில் போட்டுப் பார்த்தேன். குரல் மாறாமல் அழகாக வேகம் கூடியது. ஆனால் முகூர்த்த சீசனில் தினம் வந்து உட்கார யார் விடுவார்கள்? திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பாதி அழுகை கோபத்தில் வந்தது.

வீட்டுக்கு வந்து, எல்லாம் போயிற்று, வேகமாகப் படிக்க இனி மெஷின் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரோடு வந்தாள்.

"மெஷினு இல்லன்னா இன்னா, நான் கீறேன் இல்ல. பென்சில எடு."

"உனக்கு அந்த ஸ்பீடு வராதும்மா."

"எட்றீன்னா."

மாஸ்டர் ஸ்கேலால் தட்டுவதைச் சொல்லியிருந்தேன். அம்மா கரண்டியால் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நான் ஓட ஓட அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பிளேயருக்குக் கிறுக்கெல்லாம் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னாடி நிறுத்திட்ட? வேகமா பூட்டனா?"

"கொஞ்சம் மெதுவா படிம்மா" என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை.

பரீட்சை நாள் வரை தினமும் அம்மா படித்தாள், நான் எழுதினேன். காஞ்சிபுரத்துப் பரீட்சை ஹாலில் பேண்ட் சட்டை போட்ட ஒருவர் வாட்சைப் பார்த்துப் படித்தார். அவர் இழுத்து இழுத்துப் படிப்பதாக எனக்குப் பட்டது. அடுத்த வார்த்தைக்கு என் பென்சில் காத்திருந்தது. தேறிவிடுவேன் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. தேறவும் செய்தேன்.

வெளியே வந்தபோது அம்மா வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

"எப்பிடிப் படிச்சாரு?"

"உன்னவிட ஸ்லோ."

அம்மா ஹால் பக்கம் திரும்பி, நான் காட்டிய அந்த மனுஷரை ஒரு தடவை பார்த்தாள்.

"எத்தினாவது கிளாஸ் வரிக்கும் படிச்சாரோ, பாவம்" என்றாள்.