மூன்றாம் முறை கூப்பிட்டால்

காசிமேட்டில் கோவிந்தம்மா வீட்டு வாசலில் நின்று யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளே ஆள் இருக்கும், காதும் நன்றாகக் கேட்கும், ஆனால் பதில் வராது. இரண்டாம் முறையும் வராது. மூன்றாம் முறைதான் "யாரு?" என்று குரல் வரும். இதைத் திமிர் என்று நினைத்து மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. திமிரெல்லாம் ஒன்றுமில்லை. கடலில் செத்தவர்களால் இரண்டு முறைதான் கூப்பிட முடியும், மூன்றாம் முறை கூப்பிடுவது உயிருள்ளவர்கள் மட்டும்தான் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

கோவிந்தம்மாவின் மகள்தான் நர்மதா. விமானம் ஓட்டுகிறாள், அதுவும் கேப்டனாக. மீன் ஏலக்கூடத்தில் அவளை ஏரோப்பிளேன் நர்மதா என்றால்தான் தெரியும். விமானம் ஓட்டும் வேலையில் பாதி, எச்சரிக்கைப் பெட்டிகள் கத்தும்போது உடனே கை நகர்வது. பயிற்சிக் காலத்தில் அவளுக்கு விழுந்த திட்டெல்லாம் இதற்காகத்தான். எல்லாவற்றிலும் கெட்டிக்காரி, எச்சரிக்கை ஒலித்தால் மட்டும் ஒரு மூச்சு தாமதம். அம்மாவே அலுத்துக்கொள்வாள். "மூணு தபா கூவ்னாதான் வாய தொறப்பியாடி நீ? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அவளுடைய அப்பா கோதண்டம் விசைப்படகு டிரைவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எண்ணூருக்கு நேரே கடலில், பனி மூடிய ஒரு காலையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி "இன்னா?" என்றாராம். படகில் கூட வேலை செய்த மணிக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. "யார்ணா கூப்ட்டது?" என்று கேட்டதற்குக் கோதண்டம் தண்ணீரையே பார்த்தாராம். மணி டீ போட உள்ளே போய்த் திரும்பி வந்தால் மேல்தட்டில் ஆள் இல்லை. அலையே இல்லாத கடல். உடம்பும் கிடைக்கவில்லை. நாற்பது வருஷம் வாயைக் கட்டியிருந்த மனுஷன் ஒரே ஒரு நாள் அவசரப்பட்டுவிட்டார் என்பது கோவிந்தம்மாவின் தீர்ப்பு.

நர்மதாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கேட்டால் அப்படித்தான் சொல்லுவாள்.

போன போகியன்று காலை அவள் வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தாள். பின்னால் நூற்று அறுபத்து நாலு பேர், பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவர்கள். பக்கத்தில் துணை விமானி ஜெபின், திருவொற்றியூரில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். சண்டை நடக்கும் நாடுகளின் பக்கமாகப் பறந்தால் செயற்கைக்கோள் சிக்னலை யாரோ குழப்பிவிடுவது இப்போதெல்லாம் சகஜம். அன்றைக்கும் குழப்பினார்கள். கடிகாரம் பின்னால் ஓடியது. வரைபடத்தில் விமானம் ஏதோ மலைக்குள் இருந்தது. முப்பத்தாறாயிரம் அடிக்குக் கீழே வெறும் தண்ணீர் இருக்க, தரை வருவதைச் சொல்லும் பெட்டி "புல் அப்" என்று கத்தியது. மேலே இழு என்று அர்த்தம். சற்று விட்டு இன்னொரு முறை கத்தியது. அப்புறம் அடங்கிவிட்டது.

"சும்மா பொய் சொல்லுது மேடம்," என்றான் ஜெபின்.

இரண்டு முறைதான் என்று நர்மதா மனசுக்குள் எண்ணியிருந்தாள். எண்ணியது அவளுக்கே பிடிக்கவில்லை.

சென்னையில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து ஊரையே மூடியிருந்தன. எண்ணூர்ப் பக்கம் கடலுக்கு மேலே சுற்றி வரச் சொன்னார்கள். இரண்டாயிரத்து அறுநூறு அடியில் நிற்கும்படி ஆட்டோபைலட்டுக்குச் சொல்லிவிட்டு, இருவரும் இன்னும் தெளியாத அந்த வரைபடத்தோடு மல்லுக்கட்டினார்கள். ஆட்டோபைலட் அந்த உயரத்தில் நிற்கவில்லை. கொஞ்சம்கூடக் குலுங்காமல், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி, விமானத்தைக் கீழே கொண்டுபோனது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"புல் அப்."

கண்ணாடிக்கு வெளியே எங்கும் வெள்ளை. கீழே இருப்பது அப்பா போன கடல் என்பது அவளுக்குத் தெரியும். கை நகரவில்லை.

"புல் அப்."

"மேடம்," என்று ஜெபின் கையை நீட்டினான். நர்மதா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு," என்றாள்.

"புல் அப்."

அவள் ஆட்டோபைலட்டை வெட்டிவிட்டு இழுத்தாள். புகை விலகிய ஒரு நொடியில் கீழே ஒரு விசைப்படகு தெரிந்தது. மேல்தட்டில் ஒருவர் தலையில் கட்டிய சிவப்புத் துண்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உயரம் நானூறு அடி. இன்னும் சில விநாடி போயிருந்தால் பொங்கல் எத்தனையோ வீடுகளில் இழவாகியிருக்கும்.

இரண்டாம் முயற்சியில் பத்திரமாக இறங்கினார்கள். எல்லோரும் போன பிறகு ஜெபின் கேட்டான். "மேடம், ரெண்டு தடவ கத்துச்சு. எதுக்கு என் கையப் பிடிச்சீங்க?"

"பொய்னு நெனச்சேன்."

"பொய்னா மூணாவதும் பொய்தானே?"

நர்மதா தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அறிக்கையிலும் உண்மையை எழுதவில்லை. எழுதினால் எந்த அதிகாரி நம்புவான்? வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாது என்றார்கள். மாதிரி விமானத்தில் உட்கார வைத்து மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டி கத்தும், அவள் இழுக்க வேண்டும். அப்பாவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முதல் வாரம் தடுமாறினாள். மூன்றாம் வாரக் கடைசியில், குரல் பெட்டியை விட்டு வருவதற்குள் கை போய்விட்டது. பிறந்ததிலிருந்து கூட வந்ததை ஒருவழியாகக் கழற்றிப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை முதல் மறுபடி பறக்கலாம் என்று கடிதமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தலை குளித்துவிட்டு சமையலறையில் நின்றிருந்தாள்.

"நர்மதா."

"இன்னாமா?" என்றாள் உடனே.

சொன்ன பிறகுதான் உறைத்தது. முதல் முறை கூப்பிட்டதற்கே பதில். பயிற்சி பலித்துவிட்டது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று முன்னறைக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. கதவு அவளே காலையில் போட்ட தாழ்ப்பாளோடு உள்பக்கம் சாத்தியிருந்தது.

போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஏலக்கூடத்து இரைச்சல்.

"எங்கமா கீற?"

"ஏலத்துலதான் கீறேன். போட்டு இன்னும் கரைக்கு வர்ல. இன்னாத்துக்கு?"

"நீ என்னிய கூப்ட்டியா?"

"நானா?" என்றாள் கோவிந்தம்மா. பிறகு கூட்டத்தை விட்டு விலகிப் போயிருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது. "எத்தினி தபா கூப்ட்டுச்சு?"

"ஒரு தபா."

"நீ குரல் குடுத்தியா?"

நர்மதா தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், குரல் குடுத்தியா?"

தெருவில் ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நர்மதா, குடுத்தியாடி?"

"குடுத்துட்டேம்மா," என்றாள்.