சிவப்புத் தொப்பிக்குச் சொன்னது

ஏறாவூரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் என் கூட்டாளிக்கும் எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. யார் ஒரு கேமை முடித்தாலும் மற்றவனுக்கு வொய்ஸ் மெசேஜில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். படிக்கிற காலத்தில் தொடங்கியது. இருவருக்கும் தலையில் முடி குறைந்துவிட்டது, இது குறையவில்லை.

கடைசியாக நான் இரண்டு தீர்ப்புச் சொன்னேன். ஒன்று விவசாயம் செய்யும் கேம். விதைத்த நெல்லுக்கு யானை வரவில்லை, வெள்ளம் வரவில்லை, உரத்துக்கு வெயிலில் வரிசை நிற்கவும் இல்லை. மண்டூரில் வயல் வட்டைக்குள் வளர்ந்தவனிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். திட்டிக்கொண்டே கடைசி வரை விளையாடினேன். மற்றது பேய் பங்களா. பேய் வருமுன் கதவு கிரீச்சிடும். நான் இருக்கும் வீட்டில் உப்புக் காற்றுக்குக் கதவெல்லாம் எந்நேரமும் கிரீச்சிடுவதால் எனக்குப் பயம் வரவே இல்லை என்று சொன்னேன்.

மூன்றாவது, மணியைத் தோளில் காவும் கேம். அதற்கு மட்டும் தீர்ப்பு நிலுவையில் கிடந்தது. கூட்டாளி விடவில்லை.

"என்ன மச்சான், அந்த மணிக் கேம் மாசக்கணக்காப் போகுது. நல்லமா, கூடாதா? அத மட்டும் சொல்லன்."

நல்லமா கூடாதா என்று சொல்வதென்றால் முதலில் என் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை எப்படி வொய்ஸ் மெசேஜில் சொல்வது?

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. நானும் ஒரு பெட்டி உடுப்பு, கேம் விளையாடும் பெட்டி, இரண்டு கொன்ட்ரோலர் சகிதம் மண்டூரிலிருந்து பெரியகல்லாற்றுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் மனைவியும் மாமியும் நானும்தான். மாமா காலமாகிக் கனகாலம். மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. பின்னேர வேலை அடிக்கடி வரும்.

மாமி பழைய ஆள். மருமகனுடைய முகத்தைப் பார்த்துக் கதைப்பது மரியாதைக் குறைவு என்பது அவருடைய கொள்கை. நான் கையெட்டும் தூரத்தில் இருப்பேன். "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு மகள்" என்பார். மனைவி வேலைக்குப் போய்விட்டால் அந்த உத்தியோகம் பூனைக்கு. "மழை வரப்போகுது, உடுப்பெல்லாம் வெளியில கிடக்கு" என்று பூனையிடம் சொல்வார். பூனை போய் உடுப்பு எடுக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பூனைக்கும் தெரியும். நான் எழும்பிப் போவேன்.

வந்த புதிதில் நேரே கேட்டுப் பார்த்தேன். "மாமி, தேங்காய் வாங்கிக்கொண்டு வரவா?" மாமி கதவு நிலையைப் பார்த்து, "தேங்காய் கிடக்கு" என்றார். இப்படிக் கொஞ்ச நாள் நிலையோடும் சுவரோடும் மல்லுக்கட்டிவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் மண்டூர்க் கோயிலில் பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். சாமிக்கு முன்னால் அது அழகு. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அப்படி இருந்து பாருங்கள், தெரியும்.

குறை சொல்லக்கூடாது. மீன் தலை எனக்குத்தான் வரும். எனக்குக் காய்ச்சல் என்றால் அடுப்படியில் கொத்தமல்லி அவியும். ஆனாலும் மனம் நொந்தது. ஒரே ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துத் "தம்பி" என்று கூப்பிடமாட்டாரா என்று இருந்தது. அதுவரைக்கும் நான் அந்த வீட்டில் கனநாள் தங்கிவிட்ட விருந்தாளி, அவ்வளவுதான்.

மணிக் கேம் மனைவியும் நானும் சேர்ந்து விளையாட வாங்கியது. இரண்டு குள்ளர்கள், ஒருவனுக்குச் சிவப்புத் தொப்பி, மற்றவனுக்கு நீலத் தொப்பி. ஒரு தடியின் நடுவில் பெரிய மணி ஒன்றைக் கட்டி, ஆளுக்கொரு நுனியைத் தோளில் வைத்து, மலை உச்சிக் கோபுரத்துக்குக் காவிக்கொண்டு போக வேண்டும். இருவரும் ஒத்து நடக்காவிட்டால் மணி விழுந்து உடையும். உடைந்தால் அந்தக் கட்டத்தைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனைவி இரண்டு பின்னேரம் விளையாடினாள். மறுகா அவளுக்கு வேலை வந்துவிட்டது. நான் தனியே இருந்தேன். திரையில் நீலத் தொப்பி சும்மா நின்றான். மணி தரையில் கிடந்தது.

கீரைக் கட்டோடு வந்த மாமி திரைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"கோயில் மணியை ஆரும் தரையில வைப்பாங்களா?" என்று டிவியிடம் கேட்டார். "பாவம் சுத்தாதா?"

டிவி பேசவில்லை. மாமி கீரையை வைத்தார், கையைச் சேலையில் துடைத்தார், பாயில் உட்கார்ந்து மனைவியின் கொன்ட்ரோலரை எடுத்தார். சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆனால் நேரே சொல்ல முடியாது. பூனையைப் பார்த்தேன். "இந்தக் குமிழைத் தள்ளினால் நடக்கும். இந்தப் பொத்தானை அமத்தினால் துள்ளும்" என்று பூனைக்கு விளக்கமாகச் சொன்னேன். மாமி நடந்தார், துள்ளினார், மணியைத் தூக்கினார். அன்று அந்த மணி ஒரு கல்மேடையில் ஏறும் வரை என்னை எழும்ப விடவில்லை.

இனிக் கொன்ட்ரோலர் கதை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நாங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கேற் உக்கும், சைக்கிள் செயின் உக்கும், நேற்று வாங்கிய பூட்டு இன்று திறக்காது. கொன்ட்ரோலர் மட்டும் எத்தனை நாளைக்கு? என்னுடையதில் நடக்கிற குமிழுக்கு வருத்தம் வந்தது. நான் கையை எடுத்தாலும் ஆள் தன்பாட்டில் இடப்பக்கம் போவான். நல்லதை மாமியிடம் விட்டுவிட்டு அந்தச் சொத்தியை நான் வைத்துக்கொண்டேன். சிவப்புத் தொப்பி இடப்பக்கப் பள்ளத்துக்குள் போய்ப் போய் விழுந்தான், மணி உடைந்து உடைந்து போனது.

மனைவி வந்ததும், "கொன்ட்ரோலர்தான் இழுக்குது, நான் இல்லை எண்டு அம்மாக்குச் சொல்லு" என்றேன். அவள் சொன்னாள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார் மாமி.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, அது மணிக்கும் பொருந்தும். மாமி உடைத்தால் வழியில் கல் கிடந்தது. நான் உடைத்தால் எனக்கு நடக்கத் தெரியாது.

ஆனால் அந்த இழுப்புத்தான் எனக்கு வாழ்வு தந்தது. மனைவி இல்லாத ஒரு பின்னேரம் சிவப்புத் தொப்பி வழக்கம்போலப் பள்ளத்தை நோக்கிப் போனான். மாமி பொறுமை இழந்தார்.

"டேய் சிவத்தத் தொப்பி, எங்கடா போறாய்? இஞ்சால கிறுகு. கிறுகடா."

அவர் திட்டியது திரையில் நின்ற குள்ளனை. என்னை இல்லை. என்றாலும் அந்தக் குள்ளனின் கடிவாளம் என் கையில் இருந்ததே. நான் அவனைத் திருப்பி ஒரு தரம் துள்ள வைத்தேன். மாமி தலையாட்டினார். அன்று தொடங்கியது எங்கள் கதை பேச்சு.

துள்ளினால் ஓம். குந்தினால் மன்னிப்பு. இரண்டு பக்கமும் திரும்பினால் இல்லை. மாமி மணியைக் காவிக்கொண்டே சிவப்புத் தொப்பியிடம் உலகத்துக் கதையெல்லாம் சொன்னார்.

"மலை ஏறத் தெரியுது. கூரையில ஏறிப் பீலிக்குள்ள கிடக்கிற சருகை அள்ளத் தெரியாதோ?" சிவப்புத் தொப்பி குந்தினான். அடுத்த நாள் நான் ஏணி வைத்தேன்.

"நேத்து ஆணம் உப்புக் கூடிப்போச்சு. நீ ஒண்டும் சொல்லாமத் திண்டுட்டாய். வாயைத் திறந்து சொன்னா நான் என்ன கடிக்கவா போறன்?" துள்ளவும் தெரியவில்லை, குந்தவும் தெரியவில்லை. அந்த இடைவெளியில் தொப்பிக்காரன் தன்பாட்டில் இடப்பக்கம் போய் விழுந்தான். மணியும் போயிற்று.

வேலை முடிந்து வந்த மனைவி ஒருநாள் வாசலில் நின்று பார்த்தாள். "இவ்வளவு நாளும் ரெண்டு பேருக்கும் நடுவில தபால்காரி வேலை பார்த்தன். இப்ப வேலை போயிற்றுது" என்றாள். பூனையின் கதியும் அதுதான்.

கூட்டாளி மெசேஜ் மேல் மெசேஜ் போட்டான். "கல்லாத்துக் காத்துக்கு இரும்பே உக்குது மச்சான், கொன்ட்ரோலர் எம்மாத்திரம். கொண்டு வா. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில குமிழ மாத்தித் தாறன். அதுவரைக்கும் ஈரம் படாம வை."

நான் கொண்டுபோகவில்லை. குள்ளன் நேரே நடந்தால் மாமிக்குத் திட்ட என்ன இருக்கும்? ஈரம் படாமல் வைக்கச் சொன்னதை மட்டும் மனைவியிடம் சொல்லிவைத்தேன். அது மாமியின் காதிலும் விழுந்திருக்கிறது. அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து வந்தால் முற்றத்துப் பாயில் கருவாடு காய்கிறது, கருவாட்டுக்கு நடுவில் என் கொன்ட்ரோலரும் காய்கிறது. ஈரம் போயிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மணம்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

கடைசியில் கூட்டாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் தானே வந்து இறங்கினான். சட்டைப் பையில் புதுக் குமிழ், கையில் சின்னத் திருப்புளி. கொன்ட்ரோலரைத் திறந்ததும் முகத்தைச் சுழித்தான்.

"மச்சான், ரிப்பேர் வேலையில நான் எறும்பு கண்டிருக்கன், கரப்பான் கண்டிருக்கன். உள்ளுக்கு நெத்தலி மணக்கிறது இதுதான் முதல்."

அப்போது மாமி தேநீரோடு வந்தார். கூட்டாளியின் முகத்தைப் பார்த்தார். "வாங்க மகன். வீட்டில எல்லாரும் சுகமா? தேத்தண்ணி குடிங்க. சீனி காணுமா?"

வந்து கால்மணி நேரம் ஆகாதவனுக்கு 'மகன்'. அவனும் சுகம் சொல்லி, சீனி காணும், போதும் என்று சொல்லி, வாப்பாவின் முழங்கால் நோவு வரை கதைத்தான். மாமி சிரித்தார். இப்போது சொன்னால் வெட்கம், ஆனால் அந்த நேரம் அவன் குடித்த தேநீரைக்கூடப் பிடுங்கிக் குடிக்கலாம் போல இருந்தது.

போகும்போது கூட்டாளி சொன்னான். "உன்ர மாமி நல்லாக் கதைக்கிறா மச்சான். நீ குடுத்து வைச்சவன்."

குமிழ் திருந்திவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் மனைவி வேலைக்குப் போனபின் மாமியும் நானும் உட்கார்ந்தோம். சிவப்புத் தொப்பி கோடு போட்டாற்போல் நேரே நடந்தான். பள்ளத்தைக் கண்டு ஒதுங்கினான். மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இண்டைக்கு என்ன, நல்ல புள்ளையா வாறாய்" என்றார். அதற்குமேல் சொல்ல அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. மாதக்கணக்காக விழுந்து விழுந்து ஏறிய மலையில், பேச்சே இல்லாமல் விறுவிறு என்று ஏறினோம். உச்சி தெரிந்தது, கோபுரமும் தெரிந்தது. இது முடிந்தால் சிவப்புத் தொப்பி இல்லை. நாளைக்குத் திரும்பவும் பூனையும் கதவு நிலையும்தான்.

வேண்டுமென்று மெதுவாக நடந்தேன். நீலத் தொப்பியும் மெதுவாகத்தான் வந்தான். மாமி களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

என்ன மெதுவாக நடந்தாலும் மலை முடியத்தானே வேண்டும். கோபுரத்தில் மணியை மாட்டினோம். இரண்டு குள்ளரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மணி ஒலித்தது. கேம் செய்தவர்களின் பெயர்கள் நீளமாக ஏறி ஏறிப் போயின. மாமி எல்லாவற்றையும் வாசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்கள் முடிந்தபின் உச்சியில் மணியும் அதன் கீழே இரண்டு தொப்பிக்காரர்களும் நின்றார்கள். இனிப் போக இடமில்லை. நான் திரையை அணைக்கக் கையை நீட்டினேன்.

"தம்பி."

பூனையைத் தேடினேன். பூனை வீட்டில் இல்லை. கதவு நிலையில் யாரும் இல்லை. மாமி திரும்பி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த மணியைத் திரும்பவும் கீழ கொண்டுபோக ஏலாதா?"

எத்தனை நாள் காத்திருந்த சொல். எனக்கு வாய் திறக்கவில்லை. கை மட்டும் பழக்கதோசத்தில் பொத்தானை அமத்தியது. உச்சியில் சிவப்புத் தொப்பி ஒரு தரம் துள்ளினான்.

மாமி திரையைப் பார்க்கவே இல்லை.

"அவனைக் கேக்கல்ல நான். உங்களைத்தான் கேட்டன். மண்டூர்ல எல்லாருக்குமே வாய் கட்டித்தான் கிடக்கா?"

"இல்லை மாமி" என்றேன். "கொண்டுபோகலாம்."